கட்டெறும்பின் ஸ்டிக்கர்கள்

ஆராய்ச்சிக்கு என்சைம் தயாரிக்கும் எங்கள் கம்பெனியில், குப்பிகளில் ஒட்டும் ஸ்டிக்கர்கள் கோணலாக அச்சானால் குப்பையில் போட்டுவிடுவார்கள். நான் அவற்றை அக்கா மகளுக்குக் கொண்டுவருவேன். மூன்று வயது. கையில் எது கிடைத்தாலும் கடிப்பாள் என்று கட்டெறும்பு எனப் பெயர் வைத்திருந்தேன். ஓடித் திரிந்த பிள்ளை, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கை கால் விறைத்துப் படுத்துவிட்டாள். விரலுக்கு வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். ஸ்டிக்கரை உரிப்பதும் சுவரில் ஒட்டுவதுமே அவளுக்கு விளையாட்டு. இப்போது அதுவும் குறைந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனைத் தாள் வந்த அன்று அக்கா அதைச் சுவரோரம் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கண் மட்டும் கூர்மை.

“டேய், இங்க வா. இந்தத் தாள்ல இருக்கறதும் ஸ்டிக்கர்ல இருக்கறதும் ஒண்ணுதானே?”

விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒன்றுதான்; ஓர் என்சைமின் பெயர்.

டாக்டர் சொன்னதில் எங்களுக்குப் புரிந்தது இவ்வளவு: உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் செய்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் அங்கங்கே ஓர் எழுத்தை மாற்றிவைக்க ஒரு என்சைம் வேண்டும். மாற்றாவிட்டால் உடம்பு தன் செய்தியையே கிருமியுடையது என்று நினைத்துத் தன்னையே அடித்துக்கொள்ளும். இவளுக்கு அந்த என்சைம் பிறவியிலேயே பழுது. மருந்து கிடையாது.

“கிடையாதுன்னாரு. உங்க கம்பெனி ஃப்ரீசர்ல கிடக்குதே,” என்றாள் அக்கா.

“ஸ்டிக்கர்ல கீழ என்ன போட்டிருக்கு தெரியுமா? ஆராய்ச்சிக்கு மட்டும், மனுசங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு.”

“மேல மனுச என்சைம்னு நீதானே படிச்ச. மேல ஒரு பேச்சு, கீழ ஒரு பேச்சா? ஒரே ஒரு குப்பி கொண்டா. பால்ல கலந்து குடுக்கறேன். தாய்மாமன்னு ஒருத்தன் பின்ன எதுக்கு இருக்கான்?”

கம்பெனியில் எனக்குக் குக்கர் வேலை. ஆளுயர நீராவிப் பெட்டியை அங்கே குக்கர் என்றுதான் சொல்வோம். மிச்சமான எதுவும் அதில் வெந்த பிறகுதான் வெளியே போகும். மறுநாள் வந்த தட்டில், விரல் நுனி அளவுக் குப்பிகள். அதே பெயர். ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். நெஞ்சில் சில்லென்று இருந்தது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. என்சைம் தயாரிக்கும் மேடத்திடம் தாளைக் காட்டினேன்.

“இதைப் பிள்ளைக்குக் குடுத்தா என்ன ஆகும் மேடம்?”

“வாய்ல குடுத்தா முட்டை வெள்ளைக்கரு மாதிரி செரிச்சுடும்ணே. ஊசியில ஏத்தினா உயிருக்கே ஆபத்து. இது பூச்சி செல்லுல வளர்த்து எடுத்தது. எப்படிக் குடுத்தாலும் பிள்ளையோட செல்லுக்குள்ள நுழையாது.”

பிறகு தாளில், பழுது எந்த இடத்தில் என்று குறித்திருந்த எண்ணைப் பார்த்தார்.

“யாருது?”

“அக்கா பொண்ணு.”

“இன்னிக்கு உங்க தட்டுல வந்தது இதே பழுதுதான். வேணும்னே பழுதா செஞ்சோம். ஆர்டர் வந்திருக்கு.”

“கெட்டதைப் போய் யாரு மேடம் கேக்கறது?”

“ஆராய்ச்சி பண்றவங்கதான். நல்லதையும் கெட்டதையும் பக்கத்துல வெச்சாதான், எங்க கெட்டுதுன்னு தெரியும்.”

“தெரிஞ்சா மருந்து வருமா?”

“வரலாம். இவளுக்கு வருமான்னு என்னால சொல்ல முடியாதுண்ணே.”

திரும்பிப் போய், பையிலிருந்ததைத் தட்டில் வைத்துக் குக்கர் கதவைத் திருகி மூடினேன்.

வீட்டில் அக்கா டம்ளரைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று பிள்ளைக்கு மதியத்திலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள் கட்டெறும்பு.

“எங்கடா?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“திருட பயந்துட்டு கதை விடறே.”

“எடுத்து பைக்குள்ள போட்டேன்க்கா. அது இவளோட பழுதுக்கா. இவ உடம்புல இருக்கற அதே பழுது.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அதையும் காசு குடுத்து வாங்கறாங்களா?”

“ஆமா.”

“இங்க வந்து கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே.”

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

பாலைச் சுடவைத்து, கலக்க எதுவும் இல்லாமல், பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊட்டினேன். பாதி வெளியே வழிந்தது. அக்கா தோசைக்கரண்டியால் சுவரில் இருந்த ஸ்டிக்கர்களைச் சுரண்ட ஆரம்பித்தாள். சுண்ணாம்பும் சேர்ந்து உதிர்ந்தது. சுவர் முடிந்ததும், பிள்ளையின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் பிய்த்தாள்.

கட்டெறும்பு முனகினாள். கையை மூடப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை.

அக்கா அந்த ஸ்டிக்கரைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.