வெளியே நின்று போட்ட கையெழுத்து

அணுமின் நிலையத்தில் மனிதர்கள் எங்கே, எத்தனை முறை தவறக்கூடும் என்று கணக்கிடுவதுதான் அவள் வேலை. பழுதுபார்ப்பு முடிந்ததும் திறக்க வேண்டிய ஒரு வால்வை ஆபரேட்டர் ஒருவர் மூடியபடியே விட்டுவிட்டார். ஆபத்துக்கு உதவ வேண்டிய பம்ப் பதினோரு நாட்கள் தண்ணீர் வரத்தில்லாமல் பேருக்கு நின்றது. நல்லவேளை, அந்த நாட்களில் அதற்கு வேலை வரவில்லை. ஆபரேட்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டு அவளை அழைத்தார்கள்.

"கவனக்குறைவுன்னு ரெண்டு வரி எழுதிட்டா முடிஞ்சுது மேடம்," என்றார் மேலாளர்.

ஆபரேட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். எதையும் மறுக்கவில்லை.

"பக்கத்து வால்வைத் திருப்பியிருக்கேன். என் தப்புதான். வீட்டுல இன்னும் சொல்லல. தினமும் டிபன் பாக்ஸோட கிளம்பி பூங்காவுல உக்காந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறேன்."

"இன்னொருத்தர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணுமே?"

"போட்டாரு. வெளியில நின்னு."

"ஏன், உள்ள வரலையா?"

"ஷிப்டுக்கு ஒரு பாதுகாப்பு உடைதான் தர்றாங்க. அதை நான் போட்டிருந்தேன்."

"எத்தனை வருஷமா இப்படி?"

"நான் சேர்ந்த நாள்லேருந்தே."

அவள் பழைய கோப்பை எடுத்தாள். மூன்று வருடங்களுக்கு முன் இதே வேலையை மதிப்பிட்டவள் அவள்தான். இரண்டு பேர் பார்ப்பதால் பத்தாயிரத்தில் ஒருமுறைதான் தவறும் என்று எழுதியிருந்தாள். வரைபடத்தை மட்டும் பார்த்து எழுதியது. அந்த அறைக்குள் அவள் போனதே இல்லை.

மறுநாள் காலை உடையை மாட்டிக்கொண்டு போனாள். இரண்டே நிமிடத்தில் முகக்கண்ணாடியில் ஆவி படிந்தது. ஒரே மாதிரி இரண்டு வால்வுகள். எண் எழுதிய தகடுகள் குழாய்க்குப் பின்னால் இருந்தன. சரியானது என்று அவள் கைவைத்ததும் பக்கத்து வால்வின் மேல்தான்.

அறிக்கையில் முதல் பிழையாகத் தன் கணக்கையே எழுதினாள். மேலாளர் இரண்டு முறை படித்தார்.

"உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்களே மேடம்?"

"கணக்கு தப்பு சார். வேற எப்படி எழுத?"

வீட்டில் கணவன், "இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேரு போச்சா?" என்று கேட்டான். "தெரியல," என்றாள்.

ஒரு மாதத்தில் ஆபரேட்டர் வேலைக்குத் திரும்பினார். இரண்டாவது உடை வந்தது. தகடுகள் முன்பக்கம் மாற்றப்பட்டன. அவளுடைய பழைய மதிப்பீடுகள் பதினான்கையும் வேறொருவரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். இன்னும் இரண்டில் அதே பிழை இருந்தது. அதைச் சொல்லிக் கடிதம் வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.