வெள்ளி நாணயமும் நான் சொன்ன கடைசி வரியும்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

‘1994 நவம்பர். ரொறன்ரோவில் பனி கொட்டிக்...’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். பனி கொட்டியதா என்பது நினைவில்லை. வெலஸ்லி வீதி அடுக்குமாடியில், பதினோராம் மாடி நடைபாதை முழுக்கக் கறி மணந்தது நினைவிருக்கிறது. [அந்த மணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேனோ என்னவோ.]

2

பக்கத்து வீட்டு அருள்மலர் மன்னாரிலிருந்து வந்தவர். மூத்த மகன் மரியோ ஊரில் போரில் இறந்துவிட்டான் என்று கடிதம் வந்து மூன்று வருடம். உடலைக் காணாததால் அவர் நம்பவில்லை. அவன் ஆன்மாவுக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கவும் விடவில்லை.

மகள் ஷரோன் பள்ளிக்கூடத்தில் முதல் உலகப் போரைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதை ஒன்றைச் சொல்லி முதற்பரிசு வாங்கினாள். அந்தக் கவிதையின் நினைவாகப் படைவீரர் சங்கம் ஒன்று வெளியிட்ட வெள்ளி நாணயம்தான் பரிசு. ஒரு பக்கத்தில், போரில் இறந்தவர்களை நினைத்து இங்கே நவம்பரில் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பொப்பிப் பூக்கள். (பூக்களைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். அழகாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

தாயும் மகளும் நாணயத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

“அண்ணை, இந்தப் பாட்டைத் தமிழிலை சொல்லுங்கோ. இவள் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை.”

அகதி வழக்குகளுக்குக் கடிதங்கள் மொழிபெயர்ப்பது என் வேலை. ஒரு சொல்லையும் மாற்றியதில்லை. ஷரோன் கவிதையை எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்து வரி வரியாகச் சொன்னேன்.

“செத்த பெடியள் கதைக்கினமோ?”

“ஓம்.”

“கடைசியிலை என்ன கேக்கினம்?”

கவிதையின் முடிவில், சண்டையை நீங்கள் தொடருங்கள் என்று இறந்தவர்கள் கேட்கிறார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“தங்களை நித்திரை கொள்ள விடச் சொல்லிக் கேக்கினம்.”

ஷரோன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, “ஓம் அம்மா,” என்றாள்.

அடுத்த ஞாயிறு மரியோவுக்குப் பூசை நடந்தது. அன்றுதான் அருள்மலர் வாய்விட்டு அழுதார்.

3

இந்த இடத்தில் கதைசொல்லியைச் சந்தேகிக்கிறேன். இரக்கப்பட்டானா, பயந்தானா? இரண்டும் என்று எழுதினால் தப்பித்துக்கொள்வதுபோல...

அருள்மலர் வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படித்தார். நான்கு வருடம் கழித்து ஒரு நவம்பரில், போர் நினைவு நாளுக்காகப் பத்திரிகையில் அதே கவிதை வந்தது.

முடிவு ஒன்று: அவர் என் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போ [இல்லை].

முடிவு இரண்டு: என் கையைப் பிடித்து மன்னித்து [சீ].

நடந்தது இதுதான். பத்திரிகையை மேசையில் விரித்தார்.

“அண்ணை, நீங்கள் சொன்ன கடைசி வரி இதிலை இல்லை.”

“இல்லை.”

“நான் அதை நம்பித்தான் பூசை வைச்சனான்.”

நான் பத்திரிகையை மடிக்கப் போனேன். அவர் விடவில்லை.

“என்ரை பிள்ளை உங்கடை வரியைத்தான் சொல்லியிருப்பான். எழுதித் தாங்கோ. அவன்ரை படத்துக்குக் கீழை வைக்கவேணும்.”

வாயால் சுலபமாகச் சொன்னதை எழுத முடியவில்லை. மூன்று தாள் கிழித்தேன். நான்காவதை வாசித்துவிட்டு ஒரு சொல்லை வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

எந்தச் சொல் என்று கேட்காதீர்கள். அந்த வரியையும் இங்கே தரமாட்டேன். அதை நான் வாசகருக்கு எழுதவில்லை.