கொட்டிய சிவப்புத் தண்ணீர்

குனிந்தால் அஞ்சலாட்சியால் நிமிர முடியவில்லை. இடுப்பில் ஆணி இறக்கியது போல ஒரு வலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்புகளைக் கூட்டி, கக்கூஸ் கழுவிவிட்டு, கடைசிப் பிள்ளை நூரீனும் அப்பா வந்து கிளம்பிய பிறகு ஆறாம் வகுப்பைப் பூட்டப் போனபோது, ஜன்னலோரம் கண்ணாடி டம்ளர்களில் சிவப்புத் தண்ணீர் நின்றது. ஒவ்வொன்றிலும் வேரோடு ஒரு காசித்தும்பைச் செடி. டெங்கு வந்ததிலிருந்து எங்கே தண்ணீர் தேங்கினாலும் கொட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. போன மாதம் மாடி வாளியில் புழு நெளிந்ததற்கே, இன்னொரு தடவை இப்படி ஆனால் ஏஜென்சியில் சொல்லி வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றிருந்தார் ஹெட்மாஸ்டர். கை தானாகப் போனது. தண்ணீரையெல்லாம் சாக்கடையில் ஊற்றினாள். செடிகளை வெறும் டம்ளரிலேயே திரும்பச் சொருகி, கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலையில் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வகுப்புக்குள்ளிருந்து ஹேமலதா மிஸ்ஸின் குரல் வந்தது. வேர் தண்ணீரை எப்படி உறிஞ்சுகிறது, அது தண்டு வழியே எப்படி ஏறுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் சிவப்பு மையைக் கலந்து வைத்தாராம். செடிகள் எல்லாம் துவண்டு, சுருண்டு கிடந்தன.

"ஆயாம்மா, வெள்ளிக்கிழம நீங்க பூட்டறப்ப இதுல தண்ணி இருந்துச்சா?"

அஞ்சலாட்சி மாப்பை வாளியில் முக்கினாள். "கவனிக்கலம்மா."

"கடைசியா யாரு இருந்தா?"

"அந்தப் பாப்பாதான். அவங்க அத்தா வர்ற வரைக்கும் உக்காந்திருந்துச்சு."

பாப்பா கடைசியாக இருந்தது பொய்யில்லை. சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்துகிறது என்று தெரிந்தது.

நூரீன் எழுந்து நின்றாள். "நான் தொடல மிஸ். அதுல ஒண்ணு எங்க வூட்டுச் செடி. அதப் போயி நானே ஏன் காய வுடப் போறேன்?"

"ரோஸ்மில்க்குன்னு குடிச்சிட்டியாடி? எங்க, நாக்கக் காட்டு!" என்றாள் பின் பெஞ்சு சரிதா. வகுப்பே சிரித்தது. நூரீன் நிஜமாகவே நாக்கை நீட்டிக் காட்டினாள். அதற்கும் சிரித்தார்கள்.

அஞ்சலாட்சி மாப்பைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள். இப்போது உள்ளே போய், நான்தாம்மா கொட்டினேன் என்றால் போதும். மிஸ் நல்ல மாதிரி. ஆனால் ஹெட்மாஸ்டர் காதுக்குப் போகாமல் இருக்குமா? இந்த இடுப்பை வைத்துக்கொண்டு இனி எந்தக் கட்டடத்தில் போய் மண் சுமப்பது?

"சரி, வுடு. எல்லார் கிட்டயும் ஒரு சாரி சொல்லிட்டு உக்காரு" என்றார் மிஸ்.

நூரீன் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். பிறகு, "சாரி."

சாயங்காலம் நூரீன் கேட்டருகே நின்றிருந்தாள். காய்ந்த செடியைப் பேப்பரில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். அஞ்சலாட்சி பக்கத்தில் போனாள்.

"பாப்பா..."

"என்ன ஆயாம்மா?"

"அத்தா இன்னும் வரலியா?"

"வந்துடுவாங்க. நீங்க போங்க, உங்களுக்கு பஸ் போயிடும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்த நூரீன், செடி நசுங்காமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை இவளைப் பார்த்து ஆட்டினாள். அஞ்சலாட்சியும் கையைத் தூக்கினாள். அந்தக் குழந்தை வகுப்புக்கு முன்னால் சொன்ன சாரி இவள் சொல்லியிருக்க வேண்டியது. இன்னும் சொல்லவில்லை.