கை தூக்கினால் தெரியும்

நெட் போனது திங்கட்கிழமை காலை. அந்தமானின் டாலிகஞ்சில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடலுக்கடியில் கேபிள் அறுந்துவிட்டது என்றார் ஒருவர். ரோடு தோண்டியவர்கள் வெட்டிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். போர்ட் பிளேரில் நெட் போவதும் வருவதும் மழை மாதிரிதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுபிதாவின் வீட்டில் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை.

கீழ்த்தளத்தில் முன்பக்கம் அம்மா கேத்தரினின் பலசரக்குக் கடை. மாடியில் அப்பா அருள்நாதன். படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு குழறும், சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது. முதலில் கட்டிலோரம் ஒரு மணி வைத்துப் பார்த்தார்கள். அவர் அதைத் தொடவே இல்லை. மணி அடித்தால் கடையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். அருள்நாதனைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். தானே எழுந்து போகப் பார்த்து ஒருநாள் விழுந்தார். நெற்றியில் ஆறு தையல்.

அதற்குப் பிறகுதான் சுபிதா ஒரு சின்ன கேமராவை வாங்கி அலமாரியின் மேல் வைத்தாள். கடையில் பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் மாடி அறை தெரியும். அப்பா இடது கையைத் தூக்கினால் அம்மா மேலே போக வேண்டும். கடையில் ஆள் இருந்தால், "அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்கிரும்" என்று சொல்லிவிட்டு ஏறுவாள்.

"ஒங்க வீட்ல ஒரு நாளைக்கு எத்தன தடவக்கா பால் பொங்கும்?" என்பார் எதிர்வீட்டு பன்னீர்செல்வம். பொதுப்பணித் துறையில் வேலை, நாக்கு சும்மா இருக்காது.

"பெரிய குடும்பம், டீ நெறைய வேணும்" என்பாள் அம்மா.

"மூணு பேரு பெரிய குடும்பமா? அச்சா, அச்சா."

நெட் போன திங்கட்கிழமை காலை அந்தப் போனில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா கடையைப் பூட்டிவிட்டு மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுபிதா பகலில் ஸ்டேஷனரி கடையில் வேலை செய்துவிட்டு, மாலையில் கம்ப்யூட்டர் சென்டரில் நெட்வொர்க் வகுப்புக்குப் போகிறவள். சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வகுப்பில் கேள்வி கேட்டதே இல்லை. தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்ற பயம். அதற்குப் பதில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பாள். பாடம் முன்பக்கத்திலிருந்து, அன்றன்று நடந்தது பின்பக்கத்திலிருந்து.

அந்த நோட்டில் ஒரு வரி இருந்தது. வெளியே இருந்து வருகிற லைன் வேறு, வீட்டுக்குள் ஓடுகிற நெட்வொர்க் வேறு. முன்னது போனாலும் பின்னது நிற்காது. இத்தனை நாளும் மாடியில் எடுத்த படம் எங்கோ உள்ள ஒரு கம்பெனிக்குப் போய், அங்கிருந்து கடைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பதினாறு படி தூரத்துக்கு அவ்வளவு சுற்று. ரூட்டர் வழியாகவே நேராக எடுத்தால் வெளி லைனே வேண்டாம்.

முடியுமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ரூட்டர் கடையின் பின்சுவரில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தது. ஏனோ அது அணைந்திருந்தது, போட்டுவிட்டாள். கேமராவுக்கு ரூட்டர் கொடுத்திருந்த எண்ணைத் தேடி எடுத்தாள். போனில் ஒரு வீடியோ பிளேயரைத் திறந்து அந்த எண்ணை அடித்தாள். வரவில்லை. மறுபடி அடித்தாள். வரவில்லை. நெட் இல்லாத வைஃபையை வேண்டாமென்று போன் தானாகவே சிம் கார்டுக்குத் தாவுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சிம்மின் டேட்டாவை அணைத்தாள்.

அப்பா தெரிந்தார். கட்டில், ஜன்னல், பின்சுவரில் மாதா படம், அதற்குப் பக்கத்தில் கடிகாரம், எல்லாம் முன்னைவிடத் தெளிவாக. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நெட் வந்திருச்சா மக்கா?"

"நெட் வரல. இது வீட்டுக்குள்ளேயே ஓடுது."

"நெட் இல்லாம எப்படி ஓடும்?"

சுபிதா விளக்கினாள். முகவரி, ரூட்டர், உள் நெட்வொர்க் என்று நோட்டில் இருந்தபடியே சொன்னாள். அம்மா தலையாட்டினாள். கடையைத் திறந்தாள்.

அன்று பின்பக்கத்தில் சுபிதா எழுதியது நான்கு வரி. கடைசி வரி: ரூட்டர் ஏன் அணைந்திருந்தது? பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்து அதை அப்படியே விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, வகுப்புக்கு நோட்டை எடுத்துப்போக வீட்டுக்கு வந்தாள். அம்மா பன்னீர்செல்வத்துக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"வா வா, நெட் கிளாஸ் மேடம். ஊர்லயே நெட் பந்த். அங்க போயி என்ன படிப்ப?"

"நெட் இல்லாட்டியும் பாடம் இருக்கு அங்கிள்."

"அப்பா எப்படி இருக்காரும்மா?" என்று அம்மாவைக் கேட்டாள் சுபிதா.

"நல்லா தூங்குதாரு. நாலு மணியிலேர்ந்து அசையவே இல்ல. பாரேன்."

சுபிதா போனைப் பார்த்தாள். அப்பா கண்மூடிப் படுத்திருந்தார். நிம்மதியாகத்தான் இருந்தது. நோட்டை எடுக்கக் கை நீட்டியவள் மறுபடி பார்த்தாள். படத்தில் தெரிந்த சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து. கடையின் கடிகாரத்தில் நான்கு ஐம்பது. மாடிக் கடிகாரத்தின் நொடி முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றிருந்தது.

பேட்டரி தீர்ந்திருக்கலாம் என்று முதலில் தோன்றியது. அடுத்த கணம் செருப்போடு படியேறினாள்.

அப்பா கட்டிலில் இல்லை. ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முன்னால் போக முடியவில்லை, திரும்பிக் கட்டிலுக்கு வரவும் முடியவில்லை. கால் நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுபிதா ஓடிப்போய் அவருடைய வலது அக்குளுக்குள் தோளைக் கொடுத்தாள். அவருடைய எடை முழுவதும் அவள்மேல் சாய்ந்தது. பாத்ரூமுக்கு ஏழடி. இருவரும் ஒவ்வோர் அடியாகப் போனார்கள்.

திரும்பக் கட்டிலில் உட்கார வைத்ததும் அவர் இடது கையை மடியில் போட்டு வெறித்துப் பார்த்தார்.

"தூக்குனேன்" என்றார். வார்த்தை மெதுவாக வந்தது. "ரொம்ப நேரம் தூக்குனேன் மக்ளே. ஒங்கம்ம வரல."

அம்மா வாசலில் வந்து நின்றிருந்தாள். கையில் போன். அதில் அப்பா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்றாள். "கண்ண எடுக்கலியே."

சுபிதா போனை வாங்கிப் பார்த்தாள். தன் வேலைதான் சரியில்லை. எண்ணைத் தப்பாக எழுதியிருப்பாள், கேமரா வேறு எண்ணுக்கு மாறியிருக்கும், பிளேயரில் எதையோ விட்டிருப்பாள். பாதி தெரிந்துகொண்டு கை வைத்தது தப்பு. கீழே வந்து நோட்டை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண் சரி. கேமராவின் பாஸ்வேர்டு சரி. சிம் டேட்டா அணைந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாவது முறையும் பார்த்தாள். முதல் வகுப்பில் எழுதிய முதல் வரி, முதலில் பிளக்கைப் பார், என்பதை மட்டும் இரண்டு முறையும் தாண்டிப் போனாள். அதையெல்லாம் பார்க்க வேண்டுமா என்றிருந்தது.

மூன்றாவது முறை எழுந்து போய்ப் பார்த்தாள். ரூட்டரின் சுவிட்ச் அணைந்திருந்தது.

"யாரும்மா ஆஃப் பண்ணது?"

"நாந்தான். மத்தியானம் கடைய அடச்சுட்டு, நாலு மணிக்குத் தொறக்கும்போது பெருக்குனேன். அப்போ பாத்தா லால் பத்தி, செகப்பு லைட்டு, எரிஞ்சிட்டு இருந்திச்சு. நேத்து காலைலயும் நாந்தான் ஆஃப் பண்ணேன். நீ மறந்துபோயி போட்டுட்டியோன்னு நெனச்சேன்."

"எதுக்கும்மா?"

அம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு ரூட்டருக்கு மேலே சுவரைக் காட்டினாள்.

செல்லோடேப் போட்டு ஒட்டிய ஒரு தாள். ஓரம் மஞ்சளாகிவிட்டது. சுபிதாவின் கையெழுத்துதான், அச்சடித்தது போல. 'சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஆஃப் செய்யவும்.' இரண்டு வருடத்துக்கு முன்பு, மின்சாரம் ஏறி இறங்கிப் பழைய ரூட்டர் கருகிப்போனபோது எழுதி ஒட்டியது. கீழே கோடு போட்டிருந்தாள், இரண்டு கோடு. பழைய பெட்டியில் சிவப்பு எதற்கு எரிந்ததோ, இதில் வெளி லைன் இல்லையென்றால் சிவப்பு எரியும். அவ்வளவுதான். தினமும் அந்தத் தாளைத் தாண்டித்தான் போகிறாள். நேற்று அதற்குக் கீழேயே உட்கார்ந்து மூன்று மணி நேரம் வேலை செய்திருக்கிறாள்.

"நீ எழுதுனா நான் ஒண்ணும் மாத்திச் செய்ய மாட்டேனே" என்றாள் அம்மா. அவள் குரலில் கோபமில்லை. அதைத்தான் சுபிதாவால் தாங்க முடியவில்லை.

அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை. தாளைக் கிழித்தாள். புதுத்தாள் எடுத்து, 'வெளி இணைப்பு இல்லாதபோதும் உள் இணைப்பு' என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஒனக்குப் புரியிற மாதிரி நீயே சொல்லும்மா. நான் எழுதுறேன்."

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அம்மா. சற்று யோசித்தாள். "இந்தப் பெட்டி வீடுன்னா, நெட்டு வெளிய போற ரோடு. ரோடு இல்லாட்டியும் வீட்டுக்குள்ள நடக்கலாம். அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அப்போ இப்படி எழுது. செகப்பு எரிஞ்சாலும் தொடாத. தொட்டா அவரு தெரிய மாட்டாரு."

எழுதினாள். அதற்குக் கீழே தானாக இன்னொரு வரி சேர்த்தாள்: கடிகார முள் ஓடுகிறதா பார். முள் நின்றால் படம் பழசு, மேலே போ. சுவிட்சின் மேல் டேப் ஒட்டினாள். மாடியில் கடிகாரத்தை மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தி, அப்பா தலைக்கு நேர் மேலே மாட்டினாள். அவரிடமும் சொன்னாள்.

"எத்தன நிமிசம்?" என்று கேட்டார் அவர்.

"எதுப்பா?"

"கையத் தூக்கி எத்தன நிமிசம் பாக்கணும்?"

"மூணு. அதுக்கு மேலன்னா மணி அடிங்க. தயவுசெஞ்சு."

அவர் மணியைப் பார்த்தார். அதை இடது கைக்கு எட்டும் பக்கம் அவள் நகர்த்தி வைத்தபோது தடுக்கவில்லை.

நெட் புதன்கிழமையும் வரவில்லை. மாலையில் வகுப்புக்குக் கிளம்பிய சுபிதா கடைக்குள் நின்று மறுபடியும் முள் ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது. நம்பாமல் இன்னும் ஒரு நிமிடம் பார்த்தாள். அம்மா உள்ளே குனிந்து மூட்டையிலிருந்து அரிசி அள்ளிக்கொண்டிருந்தாள். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பன்னீர்செல்வம் சோப்புக்காகக் காத்துக்கொண்டு பிஸ்கட் பாட்டில் பக்கம் பார்த்தபடி இருந்தார். போனில் அப்பாவின் இடது கை மெல்ல மேலே எழும்பியது.

சுபிதா வாய் திறப்பதற்குள் பன்னீர்செல்வம் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யக்கா," என்றார் உரக்க, "ஒங்க வீட்ல பால் பொங்குது போல."