சமைக்கும்போது கேட்கும் பாட்டுகள்

தவசியின் தலைத்திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது அவர் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது.

"தவசி இருக்காருங்களா?" என்று கேட்டார் கூரியர்காரர்.

"அவுக இல்லப்பா" என்றாள் நாகஜோதி.

"எப்ப வருவாக?"

அவள் கணவன் செத்து ஒரு வருடமாகப் போகிறது, இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பார்சலைக் கொடுக்க ஓடிபி எண் வேண்டுமென்றார் கூரியர்காரர். அது தவசியின் செல்போனுக்குத்தான் வரும். அந்தப் போனோ வினோத்ராஜிடம் இருந்தது. தவசியிடம் இருபது வருடம் வேலை பார்த்து, இப்போது 'தவசி சவுண்ட் சர்வீஸ்' தொழிலை எடுத்து நடத்துகிறவன் அவன். மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர் வரை மைக்செட் வேண்டுமென்றால் இன்னமும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். அவனைக் கூப்பிட்டு எண்ணை வாங்கிச் சொல்லிப் பார்சலை வாங்கினாள். என்னவோ ஏதோவென்று வினோத்ராஜும் பத்து நிமிடத்தில் வண்டியில் வந்து இறங்கினான்.

பிரித்தால் உள்ளே கெட்டி அட்டைப் பெட்டி. மேலே ஒரு படம். கைலி கட்டிய பெரியவர் ஒருவர் கடற்கரையில் சாய்வு நாற்காலியில் மல்லாந்திருக்கிறார். முகத்தின் மேல் தொப்பி, வயிற்றின் மேல் கிடார். 'அவசரமில்லை. லாரன்ஸ் மச்சாது நாற்பது வருடங்களில் எழுதிப் பாடியவை' என்று போட்டிருந்தது. ஐந்து சிடி, ஒரு சின்னப் புத்தகம்.

"யாருடா இவரு?"

"தெரியல மதினி. தூத்துக்குடிப் பக்கத்து ஆளு போல. சினிமாவுல பாடுன மாதிரி தெரியல."

"இத அவுக எதுக்கு வாங்குனாக?"

"போன வருசம் சித்திரையில பேரு பதிஞ்சிருக்காக. அடிச்சு வர லேட்டாயிருச்சுன்னு சீட்டுல மன்னிப்புக் கேட்டிருக்கான் பாருங்க."

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடித்து வந்தவர், வைகாசியில் போய்விட்டார். அவர் கேட்ட பொருள் அவரில்லாத வீட்டுக்கு இப்போது வந்திருக்கிறது.

வேறொரு நேரத்தில் வந்திருந்தால் நாகஜோதி அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பாள். ஆனால் அந்த மாதம் முழுக்க ஒரே கேள்வி அவளைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது. தவசியோடு தொழில் பார்த்த மைக்செட்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால் ஒரு வருடம் அவர் வீட்டு மாடியில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவதில்லை. தலைத்திவசத்தன்று மற்ற செட்டுக்காரர்கள் வந்து ஒரே ஒரு குழாயைக் கட்டி, ஒரே ஒரு பாட்டைப் போடுவார்கள். சாமிப் பாட்டு கூடாது, செட்டை வாடகைக்கு எடுத்தவன் கேட்ட பாட்டு கூடாது. இறந்தவருக்கு உள்ளபடியே பிடித்த பாட்டு அது. எதுவென்று பெண்டாட்டிதான் சொல்ல வேண்டும்.

நாகஜோதிக்கு அது தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடம் ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்ட மனிதர் வீட்டில் ரேடியோகூட வைத்ததில்லை. ஒருமுறை கேட்டும் பார்த்திருக்கிறாள். "பாதியில கரண்டு போகாத பாட்டு எல்லாமே எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். கோயம்புத்தூரிலிருந்து மகள் உமாதேவி போனில், "ஏதாச்சும் பழைய பாட்ட சொல்லிரும்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். நாகஜோதியால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பொய்யான பாட்டு ஒன்று ஊர் முழுக்கக் கேட்கும்போது, செத்தவருக்கு மட்டும் அது பொய்யென்று தெரியும் அல்லவா?

இப்போது பாட்டு கைக்கு வந்துவிட்டது. அறுபத்திரண்டு பாட்டாக வந்துவிட்டது, அதுதான் சங்கடம்.

"அண்ணன் எந்தப் பாட்டையும் குழாயில கேட்டாத்தான் தரம் சொல்லுவாரு. கட்டிப் பாத்துருவமா?" என்றான் வினோத்ராஜ்.

"வழக்கம் இருக்கேடா. வருசம் முடியலையே."

"ஒங்க மாடியிலயா கட்டப்போறேன்? எதுத்தாப்புல நம்ம கொட்டகையில கட்டுறேன்."

முதல் சிடியைப் போட்டான். கிடார் நான்கு தட்டு தட்டிவிட்டு நின்றது. பாடுகிறவர் வெற்றிலை போட்டு முடித்துவிட்டு வருகிறவர் போல நிதானமாக வந்து சேர்ந்தார். மீன் வந்திருக்கிறதாம், கூப்பிடுகிறார்களாம், காற்று நன்றாக இருப்பதால் எழுந்து போக மனமில்லையாம். அவ்வளவுதான் பாட்டு. அதை ஐந்து நிமிடம் பாடினார்.

நாகஜோதிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தவசி எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலப் பறக்கிற மனிதர். நின்றுகொண்டே சாப்பிடுவார். திருச்செந்தூருக்குப் போனபோதுகூடக் கடலில் இறங்காமல், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கரையிலேயே செருப்போடு நின்றவர். அவருக்கும் இந்தச் சாய்வு நாற்காலிக்காரருக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது பாட்டு ஓடும்போது தெருவில் காலடிச் சத்தம் கேட்டது. பக்கத்துத் தெரு மொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். பின்னால் இன்னும் நான்கு பெண்கள். ஒருத்தி கையில் மாலைகூட இருந்தது.

"ஏத்தா நாகு, யாரு தவறுனது?"

"இங்கன யாரும் தவறல மதினி. பாட்டுத்தான் போட்டுப் பாத்தோம்."

"பாட்டா இது? கல்யாணமின்னா ஒரு பாட்டு வரும், காதுகுத்துன்னா ஒண்ணு வரும். இப்பிடி இழுத்து இழுத்து வந்தா நாங்க என்னன்னு நினைக்கிறது? வயக்காட்டுல களையப் போட்டுட்டு வந்திருக்கம்!"

"ராயப்பன்பட்டி மாதா கோயில் பாட்டு மாதிரியில்ல இருக்கு" என்றாள் மாலைக்காரி. "நெசத்தச் சொல்லு, வேதத்துக்கு மாறிட்டியா?"

"ஏலே வினோது, அந்த எழவ மொதல்ல நிப்பாட்டு" என்றாள் மொக்கம்மாள். பிறகு நாகஜோதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்தது வந்துட்டோம், மாலையத் தவசி அண்ணன் படத்துக்குப் போட்டுட்டுப் போறோம்" என்று உள்ளே வந்தாள்.

அவர்கள் போன பிறகு நாகஜோதி அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். எதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிற பழக்கம் அவளுக்கு. பாட்டுகளை வருட வரிசையில் அடுக்கவில்லை என்று மச்சாது அதில் எழுதியிருந்தார். பெட்டி கேட்டுப் பெயர் பதிந்தவர்களிடம், என் பாட்டை எப்போது கேட்பீர்கள் என்று விசாரித்தாராம். வந்த பதில்களை வைத்து ஐந்து சிடியாகப் பிரித்திருக்கிறாராம். 'மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது', 'பஸ்ஸில்', 'சமைக்கும்போது', 'வேலை முடிந்த பிறகு', 'யாரும் இல்லாதபோது'. ஒவ்வொன்றின் கீழும் பதில் சொன்னவர்களின் பெயரும் ஊரும் இருந்தன.

அவள் 'வேலை முடிந்த பிறகு' என்பதில் விரலை வைத்துத் தேடினாள். இல்லை. 'பஸ்ஸில்' இல்லை. 'யாரும் இல்லாதபோது' என்பதைச் சற்றுப் பயந்துகொண்டே பார்த்தாள். அதிலும் இல்லை. 'சமைக்கும்போது' என்பதன் கீழ், கொல்லத்துக்காரி ஒருத்திக்கும் குளச்சல்காரர் ஒருவருக்கும் நடுவில், 'தவசி, மார்க்கையன்கோட்டை' என்று இருந்தது.

அடுப்பங்கரை எந்தத் திசையில் இருக்கிறதென்று கேட்டால் அவருக்குத் தெரியாது. இது வேறு தவசியோ என்று நினைத்தாள். மார்க்கையன்கோட்டையில் வேறு யாருக்கு இந்தப் பெட்டி வரும்?

மறுநாள் காலையில் கொட்டகைக்கே போய் வினோத்ராஜைப் பிடித்தாள்.

"அவுக சமைப்பாகளாடா?"

அவன் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினான். "யாரு சொன்னா மதினி?"

"அச்சடிச்சுல்ல போட்டிருக்கு."

"வெளியூருத் திருவிழான்னா அண்ணன்தான் சமைப்பாரு" என்றான் தயங்கி. "ஜெனரேட்டருக்கு அங்கிட்டு அடுப்பக் கூட்டிக்கிருவாரு. நம்ம ஆளுக மட்டுமில்ல, மத்த செட்டுக்காரங்களும் தட்டத் தூக்கிட்டு வந்துருவாக. வெங்காயம் அரிய மட்டும் ஒரு மணி நேரம். காதுல ஒயர மாட்டிக்கிட்டு, தலைய ஆட்டிக்கிட்டு... யாரும் கிட்டப் போகக் கூடாது. போனா கரண்டியால அடிப்பாரு."

"ஒரு மணி நேரமா?"

"அங்கன அவர் அவசரப்பட்டு நான் பாத்ததில்ல."

நாகஜோதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "காய்ச்சல்ல நான் கெடந்தப்ப ஓட்டல்ல இட்லி வாங்கிட்டு வந்த மனுசன்டா! ஒரு டம்ளர் வெந்நி வச்சுக் குடுத்ததில்ல."

"நீங்க கேட்டீகளா மதினி?"

கேட்டாளா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை. அவன் பாதி சுற்றிய ஒயரைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பாட்டக் கேப்பாக?" என்றாள்.

"காதுல ஒயருல்ல. நமக்கு எப்பிடித் தெரியும்?"

திவசத்தன்று காலையில் செட்டுக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் மூத்தவர் தேனி ஞானசிகாமணி. மாடியில் குழாயைக் கட்டி இறங்கியதும் வேட்டியை உதறிக்கொண்டு, "என்ன பாட்டுத்தா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே" என்றாள் நாகஜோதி.

இந்தப் பதிலை அவர்கள் இதற்கு முன் கேட்டதில்லை. அவள் 'சமைக்கும்போது' என்ற மூன்றாவது சிடியை நீட்டினாள். "இதுல பதிமூணு இருக்கு. இதுல ஒண்ணு. எதுன்னு என்கிட்ட சொல்லல."

"மூணாவது பாட்டு" என்றார் உத்தமபாளையம் விஜய்ராஜ், உறையைத் திருப்பிப் பார்த்து. "வீரபாண்டியில கத்தரிக்கா அரியும்போது இதத்தான் முனகுனாரு. எனக்குத் தெரியும்."

"கத்தரிக்காயா? அவரு வச்சது கருவாட்டுக் குழம்புய்யா" என்றார் கம்பத்துக்காரர். "அதுக்கு முனகுனது ஏழாவது."

"கருவாட்டுல கத்தரிக்கா போடாம என்னத்தப் போடுவாக?"

"மாங்கா போடுவாரு!"

"மாங்காய எங்க போட்டாரு? நீ வேற எவன் தட்டுலயோ தின்னுருக்க."

நாகஜோதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். யாருடைய குழம்பும் அடுத்தவர் குழம்போடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்களா, அவர் தினம் ஒரு மாதிரி வைத்தாரா என்பதும் தெரியவில்லை.

"சண்டை வேணாம்ணே. பதிமூணும் ஓடட்டும்" என்றாள்.

"ஒரு பாட்டுத்தான்த்தா வழக்கம்" என்றார் ஞானசிகாமணி.

"ஒண்ணுன்னு சொன்னா நான் பொய் சொல்லணும்ணே."

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு வினோத்ராஜைப் பார்த்துத் தலையசைத்தார்.

படையலுக்கு இன்னும் குழம்பு இறங்கவில்லை. நாகஜோதி அடுப்படிக்குப் போய் வெங்காயத்தை அரிய உட்கார்ந்தாள். மேலே குழாயில் அந்த ஆள் தன் பாட்டுக்குப் பாடத் தொடங்கினார். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் இந்தத் தடவை மாலையோடு யாரும் வரவில்லை. வாசலில் மூன்றாவது பாட்டுக்கு ஒரு கைதட்டலும், ஏழாவது பாட்டுக்கு ஒரு சண்டையும் நடந்தன.

ஒன்பதாவது பாட்டு பாதி ஓடியிருக்கும். ஞானசிகாமணி அடுப்படி வாசலில் வந்து நின்று, மேலே கையைக் காட்டி, "இதா இருக்குமோத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கும்ணே" என்றாள் நாகஜோதி.

பத்தாவது பாட்டுக்கும் வந்து கேட்டார். அதற்கும் அதையே சொன்னாள்.