வண்டு அடிக்காது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு செய்தியிலிருந்து வந்தது. ஓர் உளவு விமானம் இன்னொரு நாட்டின் எல்லையை இரண்டு கிலோமீட்டர் தாண்டியதா, தாண்டவில்லையா என்று இரண்டு அரசுகள் அடித்துக்கொண்ட செய்தி. சிட்னியில், பாராமட்டாவில் ஆபீஸ் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது போனில் படித்தேன்.

(பொய். செய்தியைப் படித்தது உண்மை. கதை அங்கிருந்து வரவில்லை. எங்கிருந்து வந்தது என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் எனக்குத் தைரியம் வந்தாக வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: "வானத்துக்கு வேலி கிடையாது. ஆனாலும் மனிதன்–"

வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "விஜயரத்தினம் உலகத்தைக் காதால் பார்ப்பவர். அவருடைய காதுகள்–"

இதுவும் வேண்டாம். அவர் இதைக் கேட்டால் சிரிப்பார். இப்போதெல்லாம் அவர் சிரிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது தொடக்கம்: விஜயரத்தினத்துக்கு ஐம்பத்தேழு வயது. இலங்கையில் வன்னிக்காரர். 2012இல் ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தார். லிட்கமில் நான்கு பேரோடு ஒரு யூனிட்டில் இருக்கிறார். ஹரிஸ் பார்க்கில் ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில் காய்கறி வெட்டுகிறார். பதின்மூன்று வருடமாகத் தற்காலிக விசா. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. மனைவி 2009இல் ஷெல்லடியில் போய்விட்டார். ஒரே மகள் தர்சினி. அவளைக் கடைசியாக நேரில் பார்த்தபோது அவளுக்கு வயது பதின்மூன்று.

இது நிற்கட்டும். அலங்காரம் எதுவும் இல்லை, பொய்யும் இல்லை.

3

நான் பிரவீணா. ஈரோடு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பக்கத்தில் வெடித்த குண்டு என்றால் தீபாவளிக்கு என் தம்பி வைத்த அணுகுண்டு மட்டும்தான். அப்படியிருந்தும் போர்க்கதை எழுத ஆசை. அதற்கு "யாராவது வன்னியில் இருந்தவர் கிடைப்பாரா" என்று விசாரித்துக்கொண்டு திரிந்தேன். எவ்வளவு கேவலமான வாக்கியம் என்று இப்போது தெரிகிறது. அடிக்காமல் விட்டுவைக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு அவருக்கு வேலை முடியும். சமையற்கூடத்தின் பின்வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். "கதிரையில இருங்கோ பிள்ளை" என்பார். நான் நோட்டைத் திறப்பேன்.

மேலே விமானம் போனால் அவர் தலையைத் தூக்குவதே இல்லை. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

"பசெஞ்சர். ரெண்டு எஞ்சின். பதிவாப் போறான், இறங்கப்போறான் போல."

போனில் சரிபார்ப்பேன். சரியாக இருக்கும். போலீஸ் ஹெலிகாப்டரா, ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரா என்பதைக்கூடப் பிரித்துச் சொல்வார். வன்னியில் எல்லோரும் அப்படித்தானாம். காது பிழைத்தால் ஆள் பிழைக்க மாட்டான்.

ஒரு சனிக்கிழமை வண்டைப் பற்றிச் சொன்னார். வண்டு என்றால் ஆளில்லாத வேவு விமானம். சனங்கள் வைத்த பெயர். கிபிர் என்றால் குண்டு போடும் ஜெட்.

"கிபிர் எண்டால் சத்தம் பிறகுதான் வரும். சத்தத்தைக் கேட்டா நீ தப்பீட்டாய் எண்டு அர்த்தம். வண்டு அப்பிடியில்லை. முன்னுக்கே வந்து சுத்தும். படமெடுக்கும். அது அடிக்காது. அது பாத்திட்டுப் போய் ஒரு அரை மணித்தியாலத்திலதான் கிபிர் வரும். அந்த அரை மணித்தியாலத்திலதான் பிள்ளை நாங்கள் சமைச்சது, குளிச்சது, பிள்ளையளுக்குத் தலை இழுத்துப் பின்னினது எல்லாம்."

"அப்புறம் பங்கருக்குப் போயிருவீங்களாங்கண்ணா?"

"ஓம். தர்சி சின்னனிலேயே கேப்பாள், 'அப்பா, வண்டு வந்திட்டுது, இப்ப சாப்பிடலாமோ' எண்டு."

* குறிப்பு: அந்த அரை மணி நேரம் அவருடைய கணக்கு. எந்த ராணுவப் புத்தகத்திலும் இருக்காது. அந்தக் கணக்கை நம்பி அவரும் மகளும் உயிரோடு வந்தார்கள். அது ஒன்றுதான் அதற்கு ஆதாரம்.

4

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாட்டுப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் உடனே ஒரு பக்கம் போய் நின்றுகொள்வீர்கள்.

இரண்டு பெரிய நாடுகள். நேராக மோதிக்கொள்ள இருவருக்கும் பயம். அதனால் நடுவில் ஒரு சின்ன நாட்டில் ஆளுக்கொரு கூட்டத்தின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து மோதவிட்டார்கள். இது வருடக்கணக்காக நடக்கிறது. அதைப் போர் என்று சொல்வதற்கும் அலுத்துப்போய் விட்டுவிட்டோம். பிறகு அந்த உளவு விமானம் வந்தது. தாண்டியது என்றான் ஒருவன், இல்லை என்றான் மற்றவன். மறுநாள் ஒரு போர் விமானம் இன்னொன்றின் மூக்குக்கு முன்னால் குறுக்கே போனது. பைலட்டின் அவசரமா, மேலிடத்து உத்தரவா, யாருக்கும் தெரியாது. நான்காம் நாள் ஒரு ட்ரோனைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஆறாம் நாள், அந்த ட்ரோன் எந்தத் தளத்திலிருந்து கிளம்பியதோ அந்தத் தளம் இருக்கும் மூன்றாவது நாடும் குறிக்குள் வந்தது. அது ஒரு வளைகுடா நாடு. இந்தச் சண்டையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. நிலத்தை வாடகைக்கு விட்டிருந்தது, அவ்வளவுதான்.

என் வேலையில் ஒரு படிவம் உண்டு. எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டு கட்டம். நடந்தது வேறு என்றால் வெளியீட்டை நிறுத்துவோம். இங்கே ஒவ்வொரு நாளும் நடந்தது வேறாகவே இருந்தது, யாரும் நிறுத்தவில்லை. "எல்லாத் தரப்பும் நிதானம் காக்க வேண்டும்" என்று அறிக்கை விட்டார்கள். எல்லாத் தரப்பும் நிதானமாகத்தான் செய்தன.

அந்தத் தளத்திலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு மருத்துவமனை. அதை ஒட்டி ஊழியர் குடியிருப்பு. தர்சினி அங்கே நர்ஸ் உதவியாளர்.

5

பதினொன்றாம் நாள் சனிக்கிழமை. இங்கே இரண்டு மணி, அங்கே காலை ஏழு. எட்டு மணிக்கு அவளுக்கு வேலை. வழக்கம்போலப் பின்வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவள் அழைத்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, புட்டு அவிக்கிறன், மேலை ஏதோ சத்தம் கேக்குது. என்னெண்டு கேட்டுச் சொல்லுங்கோவன்."

"போனை யன்னலுக்கு வெளியில பிடி."

"மோட்டார்சைக்கிள் மாதிரிக் கிடக்கு."

"கதையாதை. கேக்க விடு."

கண்ணை மூடிக்கொண்டார். போனிலிருந்து சின்ன மோட்டார் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது.

"வண்டு. வண்டுதான் குஞ்சு. அடிக்காது. பாக்கத்தான் வந்திருக்கு. அரை மணித்தியாலம் இருக்கு. புட்டை இறக்கிச் சாப்பிட்டுட்டு ஆறுதலாக் கீழை போ."

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. அறைத்தோழி, பிலிப்பைன்ஸ்காரி. "டார்சி, பேஸ்மென்ட், கம் நௌ."

"யூ கோ. மை ஃபாதர் சேஸ் தேர்ட்டி மினிட்ஸ்," என்றாள் தர்சினி. பிறகு எங்களிடம், "இவளுக்குச் சரியான பயம் அப்பா. நான் சாப்பிட்டுட்டு எடுக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அப்போது இரண்டு ஆறு. இரண்டு பத்துக்கு அது சமையலறைப் பக்கமாக விழுந்தது.

அரை மணி கழித்து அறைத்தோழி கூப்பிட்டாள். விஜயரத்தினத்துக்கு அவ்வளவு இங்கிலீஷ் ஓடாது. போனை என்னிடம் தந்தார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். ட்ரோன். வெடிமருந்தைச் சுமந்துகொண்டு வந்தது. சுற்றவில்லை, திரும்பிப் போகவில்லை, நாங்கள் கேட்ட அதே சத்தத்தோடு நேராக வந்து விழுந்தது. பேஸ்மென்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போனை வைத்தேன். தர்சினி போய்விட்டாள் என்று சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்தார். விரல்களில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. பிறகு கேட்டார்.

"என்னவாம் பிள்ளை? கிபிரோ?"

"ஆமாங்கண்ணா. ஜெட்டுதானாம்."

"அப்ப அரை மணித்தியாலம் இருக்கேல்லை," என்றார். "இப்ப கெதியா வாறாங்கள்."

6

தைரியம் வரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நான்கு நாள் முன்னால் ஒரு வீடியோவில் கேட்டிருந்தேன். இப்போதைய ட்ரோன் தானே குண்டு, அது வேவு பார்க்க மட்டும் வருவதில்லை என்று படித்தும் இருந்தேன். விஜயரத்தினம் இங்கிலீஷ் செய்தி பார்க்காதவர். நான் நாள் முழுக்க அதையே மேய்ந்துகொண்டிருந்தவள். "அண்ணா, இது வேற, புள்ளைய உடனே கீழ போகச் சொல்லுங்க" என்று சொல்ல மூன்று விநாடி போதும். அவள் போனை வைத்த பிறகும் நான்கு நிமிடம் இருந்தது. திருப்பிக் கூப்பிட்டிருக்கவும் முடியும்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. "போனில் வண்டு" என்று எழுதி அடியில் கோடு இழுத்திருக்கிறேன். அதற்குக் கீழே, "அரை மணித்தியாலம் – நல்ல தலைப்பு." அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். தகப்பன் சிட்னியில் உட்கார்ந்து, கடலுக்கு அந்தப் பக்கம் மகள் தலைக்கு மேல் என்ன பறக்கிறது என்று சொல்கிறார். இதைவிட ஒரு காட்சி எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன்.

இதுதான் இந்தக் கதை வந்த இடம்.

7

தர்சினியை வவுனியாவுக்கு அனுப்பினார்கள். இறுதிச் சடங்கை அவர் போனில் பார்த்தார். சுட்டு வீழ்த்திய ட்ரோனின் துண்டு வந்து விழுந்தது என்றது ஒரு தரப்பு. சிக்னலைக் குழப்பியதால் பாதை மாறியது என்றது இன்னொன்று. யாரும் அவளைக் குறிவைக்கவில்லையாம். இரண்டு அறிக்கையிலும் "மூன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள்" என்று மட்டும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் பதிலடி. அதற்குப் பதிலடி பதினான்காம் நாள். இதை எழுதும்போதும் நிற்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் என்னிடம் வந்து கேட்டார்.

"பிள்ளை, நீங்கள் அவளைப் பற்றி எழுதுங்கோ. பேர் எங்கையாவது ஒரு இடத்தில இருக்கட்டும். எழுதி முடிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

ஆகவே முடிவுகள் தேவைப்பட்டன.

அ) நான் நோட்டை மூடிவிட்டுச் சொல்கிறேன். அவள் புட்டை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கீழே ஓடுகிறாள். எழுத ஐந்து நிமிடம் ஆனது. ஐந்து நிமிடமும் அவள் உயிரோடு இருந்தாள். மேலே தொடர–

ஆ) இரண்டாம் நாளே இரண்டு தலைவர்களும் போனில் பேசி, "எங்கள் பைலட் மேல்தான் தப்பு" என்று ஒருவர் சொல்கிறார். (இதை எழுதி நானே சிரித்துவிட்டேன்.)

இ) அவருக்கு வாசிக்க ஒரு பிரதி. இதே அளவு நீளம். அதில் தர்சினியின் பெயர் பதினாறு இடத்தில் வருகிறது. அவள் சிரிப்பு வருகிறது, புட்டு வருகிறது. வண்டு வரவில்லை. ஒரு ஜெட் வருகிறது. அதன் சத்தம் பிறகு வருகிறது. யார் மீதும் தப்பில்லை.

இந்த மூன்றாவது முடிவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதில் அவள் அப்பாவின் காதை நம்பியது இல்லை. அதை எடுத்துவிட்டால் அங்கே இருப்பது தர்சினி இல்லை, வேறு யாரோ. அதை வைத்தால், தன் வாயாலேயே மகளை அங்கே இருக்கச் சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததும் தெரிந்துவிடும். எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

8

போன சனிக்கிழமை இரண்டு மணி. இரண்டு பிரதிகளையும் பையில் கொண்டுபோனேன். மூன்றாவது முடிவு உள்ளது ஒன்று. மற்றது நீங்கள் இதுவரை வாசித்தது.

அவர் கை கழுவி, துடைத்துவிட்டு வந்தார். சட்டைப் பொத்தானை மேல்வரை பூட்டியிருந்தார்.

"எழுதி முடிஞ்சுதே பிள்ளை?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப வாசியுங்கோ."

பைக்குள் கையை விட்டேன். இரண்டு தாள் கட்டுகளும் தடவுவதற்கு ஒரே மாதிரி இருந்தன. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் கிளம்பியது. புல்வெட்டும் மெஷின். புல் வாசனைகூட வந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எத்தனையோ சனிக்கிழமைகளில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இன்னது என்று சொன்னவர்.

"பிள்ளை, அது என்ன சத்தம்?"

"புல்லு வெட்டற மெஷினுங்கண்ணா."

அவர் கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். கோபமில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"வடிவாக் கேட்டு, சரியாச் சொல்லுங்கோ," என்றார்.

என் கை இன்னும் பைக்குள் இருக்கிறது. எந்தக் கட்டை எடுத்தேன் என்று எழுதமாட்டேன். அந்தச் சத்தத்தை நீங்களும் ஐந்தாம் பகுதியில் கேட்டீர்கள். இப்போது அவர் உங்களையும்தான் பார்க்கிறார். சொல்லுங்கள்.