தப்பு விடைக்கு ஒரு பச்சை பலூன்

"தவறான விடை" என்று திரை மறுபடியும் சொன்னபோது வஸீலாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கான்ஸ்டன்டைன் பல்கலைக்கழகக் கூடத்தில் கணினி நிரல் எழுதும் போட்டி. ஓர் அணிக்கு ஒரே கணினி. சரியான விடைக்கு ஒரு பலூன், தப்பு விடைக்குத் தண்டனை நிமிடங்கள். முதலிடம் வரும் அணி மட்டும்தான் அல்ஜியர்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போகும். அவளுக்கு இது கடைசி வருஷம்.

கணக்கு என்னவோ சின்னப்பிள்ளை வேலை. கவிதை வரிகளைக் கொடுத்து, எந்த இரண்டு வரிகளின் வால் அதிகம் ஒத்துப்போகிறது, எத்தனை எழுத்து என்று கேட்டிருந்தார்கள். வரிகளைத் திருப்பிப்போட்டு ஒப்பிட்டால் முடிந்தது. இதில் தப்பு வர என்ன இருக்கிறது?

நடுவராக இருந்த வாத்தியார் பூஜெமாவைக் கூப்பிட்டாள். "உஸ்தாத், விடைய சரிபார்க்க நீங்க வரிகளத் தட்டி வெச்ச சோதனைக் கோப்புல ஏதோ கோளாறு. ஒருவாட்டி பாருங்க."

அவர் மக்ரூத் இனிப்பை மென்றபடியே சிரித்தார். "போன வருஷம் ஜெயிச்ச பசங்களுக்கு முதல் தடவையே பாஸாச்சு மகளே. கோப்புல ஒண்ணுமில்ல. நீ வால்ல இருந்து எண்ணக் கத்துக்கோ."

பக்கத்து மேசையில் இருந்த அந்தப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன திமிர். பார்க்கச் சொன்னால் பார்த்துத் தொலைக்க வேண்டியதுதானே, அதில் என்ன குறைந்துவிடும்?

அவள் அணித்தோழி தாவுஸ் முழங்கையால் இடித்தாள். "அடியே, அவரோட கம்ப்யூட்டர் வேற வகை. அதுல கோப்பத் தட்டினா ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கும்ல?"

வஸீலா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குப்பையைத் துடைத்துவிட்டுத்தான் அவள் எப்போதும் எண்ணுவாள். துடைக்காத உஸ்தாதின் நிரலிலும் பையன்களின் நிரலிலும் எல்லா வரியும் அந்த ஓர் எழுத்தில் ஒத்துப்போகும். விடையில் ஒன்று கூடும். பல்லைக் கடித்துக்கொண்டு, தன் சரியான விடையோடு ஒன்றைக் கூட்டி அனுப்பினாள். பச்சை பலூன் வந்தது. தண்டனை நிமிடங்களால் அணி பையன்களுக்கு அடுத்து, இரண்டாமிடத்தில் நின்றது.

முடிவைச் சொல்ல உஸ்தாத் மேடையேறியதும் எழுந்தாள். "வால் துளியும் ஒத்துப்போகாத ரெண்டு வரிய உங்க கம்ப்யூட்டர்ல தட்டி, உங்க நிரல்லயே ஓட்டிக் காட்டுங்க உஸ்தாத்."

"இப்ப அதுக்கெல்லாம் நேரமில்லம்மா."

"எங்களத் தண்டிக்க மட்டும் நேரம் இருந்துச்சா?"

வேறு வழியில்லாமல் தட்டினார். பூஜ்ஜியம் வரவேண்டிய பெரிய திரையில் ஒன்று வந்தது. உஸ்தாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் ஒன்றுதான்.

கோப்பைச் சுத்தம் செய்து எல்லோருடைய நிரலையும் திரும்ப ஓட்டினார்கள். வஸீலா முதலில் அனுப்பியதே சரி என்று வந்தது, தண்டனை நிமிடங்கள் கழிந்தன, அணியின் பெயர் மேலே ஏறியது. சுத்தமான கோப்பில் பையன்களின் நிரலும் சரியான விடையே தந்தது, ஆனால் முதலிடம் அவர்களிடம் நிற்கவில்லை.

"சரி மகளே, உன் பக்கம் நியாயம் இருக்கு. அல்ஜியர்ஸ் போய்ட்டு வா" என்றார் உஸ்தாத், ஏதோ தர்மம் போடுகிறவர் மாதிரி.

வஸீலா பச்சை பலூனை அவிழ்த்து அவருடைய நாற்காலியில் கட்டினாள்.

"இது உங்க தப்பு விடைய நான் எழுதினதுக்குக் கிடைச்சது, நீங்களே வெச்சுக்கோங்க. என் முதல் விடைக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்க."